ஆறாவது தலைக்கு ஒரு கேன்

கேசி
11 மே 2008, ஞாயிறு

அன்புத் தங்கை லோமகுகுவுக்கு,

ஈஸ்டர் திங்களன்று நம் டட்சன் காரில் இருந்தவர்கள் இவர்கள்: ஸ்டியரிங்கில் உன் அத்தான் லுங்கானி. அவருக்குப் பக்கத்தில், மடியில் வேதாகமத்தோடு போதகர் மபேனா. பின்னால் இடது ஜன்னலோரம் நான். நடுவில் என் மகள் சினிகிவே. வலது ஜன்னலோரம் நீ. ஐந்து பேர். வேறு யாரும் இல்லை.

இதை ஏன் வரிசையாக எழுதுகிறேன் என்றால், வியாழக்கிழமை போனில் "என் கேனைத் தூக்கி எவனுக்கோ குடுத்துட்டியே!" என்று கத்திவிட்டு, நான் வாய் திறக்கும் முன் வைத்துவிட்டாய். பிறகு மூன்று முறை அடித்தேன், எடுக்கவில்லை. பேச்சில் கோபம் வந்தால் எனக்கு வார்த்தை தடுமாறுகிறது, அதனால் எழுதுகிறேன். கேன் உன்னுடையது அல்ல. என்னுடையதும் அல்ல. அது யாருடையது என்பதற்குக் காரில் இருந்த ஐந்து பேரும் சாட்சி.

எல்லையில் தலைக்கு ஒரு பெட்ரோல் கேன்தான் விடுவார்கள் என்று தெரிந்தே, பிரான்சிஸ்டவுனில் உன் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஆறாவதாக ஒன்றை நீ போர்வைக்கு அடியில் ஏற்றியிருந்தாய். நான் கண்டிருந்தால் இறக்கச் சொல்லியிருப்பேன். அந்த அதிகாரி டிக்கியைத் திறந்து விரலால் எண்ணினார்.

"அம்மா, தலை அஞ்சு. கேன் ஆறு."

நீ இறங்கிப் போய் சினிகிவேயின் வயிற்றில் கை வைத்தாய். "சரியா எண்ணுங்க சார். இங்க ஒண்ணு மடங்கி உக்காந்திருக்கு."

"அதுக்கு பாஸ்போர்ட் எங்கே?"

"அம்மா பாஸ்போர்ட்லயே இருக்கு சார். இன்னும் மை காயல."

போதகர் இருமினார். அதிகாரி சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. எடுத்துத் தட்டிக்கொண்டே, "போங்க, போங்க. பொறந்ததும் கொண்டாந்து காட்டணும்" என்றார். ஆக, ஆறாவது கேன் ஆறாவது தலையினுடையது. சினிகிவேயின் பிள்ளையினுடையது. அதனால்தான் மற்ற ஐந்தும் தீர்ந்த பிறகும் அதை மட்டும் சமையலறை மூலையில், அடுப்புக்குத் தள்ளி, ஈரச் சாக்கு போட்டு வைத்திருந்தேன். இங்கே கிளினிக்கில் நர்ஸ் சொல்லிவிட்டாள், இந்த முறையும் பிள்ளை தானாக இறங்காது, புலவாயோ பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுக்கவேண்டும் என்று. ஆம்புலன்ஸ் கேட்டால், பெட்ரோல் கொண்டுவந்தால் வருகிறோம் என்கிறார்கள். ஜூன் மூன்றாம் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு சூமா புதன்கிழமை புலவாயோ ஆஸ்பத்திரியில் இறந்தார். பிணவறையில் மின்சாரம் இல்லை, சீக்கிரம் எடுத்துப் போங்கள் என்று தகவல் வந்தது. அடக்கச் சங்கத்தின் லாரி இருக்கிறது, பெட்ரோல் இல்லை. சங்கத்தார் காலிக் கேனோடு வீடு வீடாக வந்தார்கள். அரை பாட்டில் கொடுத்தவர்களும் உண்டு, கதவையே திறக்காதவர்களும் உண்டு. என் வாசலில் நின்று கேட்டார்கள். நான் உள்ளே போய் சாக்கை எடுத்தேன்.

அவ்வளவுதான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஜூன் பிறப்பதற்குள் இன்னொரு கேன் வேண்டும். இந்தக் கடிதத்தை வண்டிக்கார ஸ்வெலியிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

உன் அக்கா,
சென்சேனி

*

பிரான்சிஸ்டவுன்
17 மே 2008

அக்கா,

கார் சீட்டில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று இவ்வளவு ஞாபகமாக எழுதியிருக்கிறாய். இரண்டு வருடத்துக்கு முந்தைய இன்னொரு நாளும் ஞாபகம் இருக்கிறதா? அன்று யார் யார் இருந்தார்கள் என்று நான் சொல்கிறேன். தள்ளுவண்டியில் பிரசவ வலியோடு சினிகிவே. கைப்பிடியில் நான். பக்கத்தில் விளக்கோடு நீ. வேறு யாரும் இல்லை.

தள்ளுவண்டியை எடுக்கும் முன் சூமா வீட்டுக் கேட்டில் போய் நின்றவள் நான்தான். நீ உள்ளே அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அவன் வாசலுக்குக்கூட வரவில்லை. ஜன்னல் திரையை ஒரு விரலால் ஒதுக்கி, "வண்டியில சொட்டு பெட்ரோல் இல்ல தங்கச்சி, என் நிலைமையப் பாரு" என்றான். நான் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் என் வீட்டுக்காரர் ஓட்டெங்கிடம்கூட நான் அப்படிக் கெஞ்சியதில்லை. திரை விழுந்துவிட்டது.

தார் ரோட்டில் ஒரு லாரி கிடைப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. ஆண் பிள்ளை. மறுநாள் காலை நாம் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்து வந்தபோது, எதிரே யாருடைய கார் வந்தது? ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்னது யார்? உன் வேதாகமத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டாயா?

இப்போது அவன் செத்துப்போனான். சாகட்டும், எல்லோரும்தான் சாகிறோம். அவன் பிணத்தை ஊர்வலமாகக் கொண்டுவர, அவனால் செத்த பிள்ளையின் தம்பிக்கோ தங்கைக்கோ வைத்திருந்த கேனைக் கொடுத்திருக்கிறாய்.

அந்தக் கேன் சும்மா வரவில்லை அக்கா. எல்லையைத் தாண்டியதுமே கைப்பிடிக்குக் கீழே கீறல் விட்டு ஒழுகியது நினைவிருக்கிறதா? பச்சைச் சோப்பைக் கடித்துப் பிசைந்து நான்தான் அடைத்தேன். வீடு வரைக்கும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தபடி வந்தேன். போதகர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு சங்கீதம் பாடினார், நீங்கள் எல்லாம் கூடப் பாடினீர்கள். என் தொடையில் தோல் உரிந்தது. இன்னும் வரிக்குதிரை மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரர் கேலி செய்கிறார்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னார், "உங்கக்காவுக்கு பரலோகத்துல இடம் ரெடி. போய்ச் சேரத்தான் பெட்ரோல் இல்ல." நான் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தேன். பிறகு அழுதேன்.

இனிமேல் கேன் கிடையாது. இருந்த ஒன்றை எவன் கொடுக்கச் சொன்னானோ, அவனிடமே கேள்.

லோமா

*

கேசி
25 மே 2008, ஞாயிறு

தங்கைக்கு,

எவன் கொடுக்கச் சொன்னான் என்று எழுதியிருக்கிறாய். கர்த்தரை அவன் இவன் என்று நீ எழுதுவதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். அதை நீயும் அவரும் பேசிக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. அந்தக் காரின் ஹாரன் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. சங்கத்தார் வந்து நின்றபோது அதுதான் முதலில் கேட்டது. உன் அத்தான் என் பின்னால் நின்று, "கொடுக்காதே, சென்சேனி. அவன் அங்கேயே கிடக்கட்டும்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். சூமாவின் மனைவி மாசிபாண்டா தரையில் மெத்தையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சங்கத்தார் எந்த வீட்டில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நம் வாசலுக்கு வந்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இவர்கள் தரமாட்டார்கள், தராமலிருக்க இவர்களுக்கு நியாயம் இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அந்தக் குனிந்த தலையை என்னால் பார்க்க முடியவில்லை, லோமா. அதற்குத்தான் கொடுத்தேன். அவருக்கு அல்ல.

சரியாகச் செய்தேனா என்று என்னிடம் கேட்காதே. அன்று தெரிந்தது, இன்று தெரியவில்லை. வியாழக்கிழமை பெண்கள் ஜெபத்தில் முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. மூலையில் கேன் நின்ற இடம்தான் வருகிறது. தரையில் வட்டமாக ஒரு கறை இருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. சோளக்களி கிண்டும்போது அதைப் பார்க்காமலிருக்க அடுப்பின் மறுபக்கம் நின்று கிண்டுகிறேன்.

ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ரோட்டில் ஏதாவது எஞ்சின் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போகிறேன். தூரத்திலேயே பெட்ரோல் வண்டியா டீசல் வண்டியா என்று இப்போது என் காதுக்குத் தெரிகிறது. டீசல் என்றால் திரும்பிவிடுவேன். பெட்ரோல் என்றால் கையை நீட்டுவேன். போகிறவர்கள் நான் சவாரி கேட்கிறேன் என்று நிறுத்துகிறார்கள். "சவாரி வேணாம், ஒரு தேநீர் கோப்பை பெட்ரோல் இருந்தா தாங்க" என்றால் பைத்தியம் என்று பார்க்கிறார்கள். ஆனாலும் இரண்டு பேர் கொடுத்தார்கள். ஒருவர் ரப்பர் குழாயை என் கையிலேயே கொடுத்து, "உறிஞ்சிக்கோங்கம்மா" என்றார். உறிஞ்சினேன். இரண்டு நாள் சாப்பாட்டில் அந்த ருசிதான். போதகர் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து கொஞ்சம் வடித்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து மூன்று லிட்டர் இருக்கும். புலவாயோ போகும் பாதியில் நின்றுவிடும்.

சினிகிவேயின் கால் வீங்கியிருக்கிறது. மாப்பிள்ளை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஆள் மூலம் துணியும் சோப்பும் அனுப்பியிருக்கிறார், பெட்ரோலுக்கு அவர் என்ன செய்வார். நேற்று என்னிடம் கேட்டாள்.

"அம்மா, என் பிள்ளையோட கேன் எங்கே?"

"குடுத்துட்டேன்மா. சாவுக்கு."

"யார் சாவுக்குன்னு தெரியும். அப்பா சொன்னார்." கொஞ்ச நேரம் மணத்தக்காளிக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு, "சித்தி கோவமா இருக்காளா?" என்றாள்.

"ஆமா."

"நல்லது. நானும் கோவப்படணும், எனக்கு மூச்சு வாங்குது. சித்தி எனக்கும் சேத்துப் படட்டும்."

இதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. நான் செய்தது சரி என்று நீ சொல்ல வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். கேன் கொண்டு வருவாயா மாட்டாயா என்பதை மட்டும் சொல்.

சென்சேனி

*

பிளம்ட்ரீ
4 ஜூன் 2008, புதன்

அக்கா,

ரொட்டி சுற்றிய தாளில் எழுதுகிறேன், கையெழுத்தைக் குறை சொல்லாதே. எல்லையைத் தாண்டிவிட்டேன். பிள்ளைக்காக வந்தேன். உனக்காக வரவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீ கணக்குக் கேட்பாய். இதோ. தலை இரண்டு: நானும் ஓட்டெங்கும். கேன் நான்கு. விளிம்பு வரை ஊற்றவில்லை, வெயிலுக்கு உப்பும் என்பது எனக்கும் தெரியும். மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் பை வைத்து முறுக்கினேன். ஓட்டெங் வழி முழுக்க ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு, "நான் உன்னைத்தான் கல்யாணம் பண்ணேன், உங்கக்காவோட பெட்ரோல் பங்க்கை இல்ல" என்று புலம்பிக்கொண்டே வந்தார். ஆனால் வந்தார்.

இரண்டு தலை குறைகிறது. என்ன செய்வது, எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். நடந்து கடக்கும் வரிசையில் போய்த் தலை கடன் கேட்டேன். முதுகில் குழந்தை கட்டியிருந்த ஒருத்தி, தலையில் மாவு மூட்டையோடு நின்றாள்.

"அக்கா, இந்தக் கேனை உங்க பேர்ல அந்தப் பக்கம் கொண்டாந்து தரீங்களா?"

"தரேன். ஆனா என் முதுகுல இருக்கறவனையும் எண்ணுவாங்களா?"

"எங்க வீட்டுல வயித்துல இருக்கறதையே எண்ணினாங்க."

அவள் சிரித்துவிட்டுக் கேனைத் தூக்கினாள். மாவு மூட்டையை நான் வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஒரு சொட்டு குறையாமல் கையில் கொடுத்தாள். ஒரு கோப்பை ஊற்றித் தருகிறேன் என்றேன். "எங்க வீட்டுல குடிக்கற மாதிரி வண்டி எதுவும் இல்லம்மா" என்று போய்விட்டாள்.

இரண்டாவது தலை, கோட் போட்டு, தொப்பி வைத்து, சபை மூப்பர் மாதிரி ஒரு பெரியவர். கையில் வேதாகமம் வேறு. அவரைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. நம்பிக் கொடுத்தேன். அதிகாரி முன்னால் "என் கேன்தான்" என்று கம்பீரமாகச் சொன்னார். முத்திரை விழுந்ததும் வெளியே நின்ற ஒரு வேனில் கேனோடு ஏறி உட்கார்ந்தார். நான் ஓடினேன். கண்ணாடியை இறக்கி, "கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக, மகளே" என்றார். வேன் போய்விட்டது. ஓட்டெங் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அந்த வேதாகமத்தாலேயே அவரை ஒரு போடு போட நினைத்தேன்.

மூன்று கேன் இருக்கிறது. ஓட்டெங்கின் காரை பிளம்ட்ரீக்கு அப்பால் உள்நாட்டுக்குள் ஓட்டத் தனியாகக் காப்பீட்டுச் சீட்டு எடுக்க வேண்டுமாம். அதற்கு இரண்டு நாள் ஆகுமாம். நாளை காலை அவர் வேலைக்குப் போயாக வேண்டும். அதனால் மூன்றையும் பிளம்ட்ரீயில் எனக்குத் தெரிந்த தையற்காரி மாமோயோ வீட்டில், ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போகிறேன். அத்தானை சனிக்கிழமைக்குள் வந்து எடுத்துப்போகச் சொல். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, போதும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மூன்றில் ஒரு மூடிகூட வேறு யாருக்கும் திறக்கக் கூடாது. ராஜாவே செத்தாலும் சரி. எனக்கு வாக்குக் கொடு.

லோமா

*

கேசி
9 ஜூன் 2008, திங்கள்

அன்புத் தங்கை லோமகுகுவுக்கு,

வியாழக்கிழமை மதியம் சூமாவின் காரில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் போதகர் மபேனா. அவருக்குப் பக்கத்தில் மாசிபாண்டா. பின்னால் நான். என் மடியில் தலை வைத்து சினிகிவே. போகும்போது நான்கு தலை. இன்று காலை திரும்பும்போது ஐந்து.

பெண் பிள்ளை. அறுத்துத்தான் எடுத்தார்கள். சினிகிவே எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். முதலில் இதைப் படித்து ஓட்டெங்குக்கும் சொல்லிவிடு, பிறகு மற்றதைப் படி.

நீ எழுதிய ரொட்டித் தாள் வெள்ளிக்கிழமைதான் கேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு நாள் முன்பே வலி வந்துவிட்டது. வியாழக்கிழமை ஜெபம் நம் முற்றத்தில் நடந்தது. பெண்கள் எல்லாம் சிவப்புச் சட்டை, வெள்ளைக் காலரோடு வந்திருந்தார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் சினிகிவே உள்ளேயிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் பாயெல்லாம் நனைந்திருந்தது. நர்ஸ் ஓடிவந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க வெச்சுக்காதீங்க. போன தடவை மாதிரியேதான் இருக்கு" என்றாள்.

உன் அத்தான் இல்லை. மாஃபிசா பெட்ரோல் பம்புக்கு டாங்கர் வருகிறது என்று யாரோ சொல்ல, அந்த மூன்று லிட்டரையும் ஊற்றிக்கொண்டு டட்சனில் முந்தின நாளே வரிசையில் போய் நின்றிருந்தார். டாங்கர் வரவில்லை. காரும் வரிசையில், மனிதரும் வரிசையில். ஜெபம் நடத்த வந்திருந்த போதகரிடம் மோட்டார் சைக்கிள் மட்டும் இருந்தது. தள்ளுவண்டியை எடுங்கள் என்று ஒருத்தி சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் சினிகிவே கத்தினாள். வலியில் கத்தியது அல்ல அது.

அப்போது வேலியோரம், மாடூபே என்று நம் குலப்பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். மாசிபாண்டா. கறுப்புத் துணியில், வேலிக்கு அந்தப் பக்கம். துக்கத்தில் இருப்பவள் தன் வேலியைத் தாண்டக் கூடாது, யார் வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது, உனக்குத் தெரிந்ததுதான். அவள் கையில் ஒரு மஞ்சள் கேன். அதை வேலிக்கு மேலாகத் தூக்கி என்னிடம் நீட்டினாள். கைப்பிடிக்குக் கீழே பச்சைச் சோப்பு. உன் கட்டைவிரல் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது, லோமா.

"பாதி இருக்கு மாடூபே. இன்னொரு சாவு வீட்டுக்காரங்களும் அந்த லாரியில பங்கு போட்டாங்க, மிஞ்சினதை எங்கிட்டக் குடுத்துட்டாங்க."

நான் கேனை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டேன்.

"அன்னிக்கே குடுத்திருக்கலாம். குடுக்கல. விக்கத்தான் வெச்சிருந்தேன். பொய் சொல்ல மாட்டேன்." பிறகு இடுப்பு முடிச்சிலிருந்து கார்ச் சாவியை அவிழ்த்தாள். "அவர் வண்டியை எடுங்க. டாங்க்ல கொஞ்சம் இருக்கு. இதையும் ஊத்தினா போய்ச் சேந்துடலாம்."

செத்தவரின் பொருளைப் பங்கு பிரிக்கும் முன் யாரும் தொடக் கூடாது. அவர் அண்ணன் தம்பிகள் வந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். சிவப்புச் சட்டைப் பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். போதகர்தான், "கொழுந்தனுங்க கேட்டா நான் எடுத்ததா சொல்லுங்க" என்று சாவியை வாங்கினார். அவள் சும்மா நிற்கவில்லை. வேலியைச் சுற்றி வெளியே வந்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "இந்த வண்டி மேட்டுல நின்னா எங்க தட்டணும்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள். அது பொய்யில்லை, இரண்டு இடத்தில் நின்றது, இறங்கித் தட்டினாள்.

போதகர் கார் ஓட்டுவது உனக்குத் தெரியும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சினிகிவேயிடம் மன்னிப்புக் கேட்டார். கடைசியில் அவளே, "மன்னிச்சேன் ஐயா, மன்னிச்சேன், வேகமா போங்க!" என்று கத்தினாள்.

நாம் அன்று தள்ளுவண்டியோடு நின்ற இடம் வந்தது. தார் ரோட்டுச் சந்திப்பு. அதைத் தாண்டியதும் மாசிபாண்டா திரும்பாமலே சொன்னாள்.

"அன்னிக்கு வண்டியில பெட்ரோல் இருந்துச்சு. உங்க தங்கச்சி கேட்டுல நின்னு அழுதப்ப நான் திரைக்குப் பின்னாடிதான் நின்னேன். அவர் இல்லன்னு சொன்னாரு. நான் எதுவும் சொல்லல."

நீ இரண்டு வருடமாகச் சொல்லிவந்ததுதான். நான்தான் ஒருவேளை உண்மையிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ சொன்னதே சரி. இதை எழுதி வைக்கிறேன், நாளைக்கு நான் மறுக்க முடியாதபடி.

நான் சினிகிவேயின் நெற்றியைத் துடைத்தேன். அவள் என் மடியிலிருந்து, "வலி வருது, அப்புறம் பேசுங்க" என்றாள். அப்புறம் ஆஸ்பத்திரி வாசல் வரை எல்லோரும் வலியை மட்டும்தான் கவனித்தோம். அறுவை அறைக்கு வெளியே நாற்காலி இருந்தது. மாசிபாண்டா அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பிள்ளையின் அழுகை கேட்டதும் அவள்தான் முதலில் எழுந்தாள். எழுந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே போய்ப் பார்க்கும் வரை அசையவில்லை.

இப்போது இரண்டு விஷயம். நான் இரவும் பகலும் இதையே நினைத்து நடந்துகொண்டிருக்கிறேன்.

முதலாவது. பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மாப்பிள்ளை போனில், சித்தி சொல்லட்டும் என்கிறார். சினிகிவேயும் அதையேதான் சொல்கிறாள். இந்தத் தலையை முதன்முதலில் எண்ணியவள் நீதான், எல்லை அதிகாரிக்கே காட்டியவள். அதுவரை "ஆறாவது" என்று கூப்பிடுகிறோம். உன் அத்தான் பாட்டே கட்டிவிட்டார்.

இரண்டாவது. அவர் நாளை கிடைக்கிற லாரியில் ஏறி பிளம்ட்ரீ போய் மாமோயோ வீட்டிலிருந்து மூன்று கேனையும் எடுத்துவருகிறார். நீ கேட்ட வாக்கு என் கையில் இருக்கிறது, ரொட்டித் தாளில். நான் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த வீட்டு டாங்க் இப்போது உண்மையிலேயே காலி. சூமாவின் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதலில் காரைத்தான் பார்ப்பார்கள், டாங்க் ஏன் காலி என்றுதான் முதலில் கேட்பார்கள். முன்பு இருந்த அளவு திரும்ப ஊற்றிவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஊற்றவில்லை என்றால் அவள் தலையில் விழும். அவள் என்னிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள். போன முறை நான் உன்னைக் கேட்காமல் கொடுத்தேன். இந்த முறை மூடியை நானாகத் திறக்க மாட்டேன். கேன் மூன்றும் சமையலறை மூலையில் இருக்கும், ஈரச் சாக்கின் கீழ். திறக்கலாம் என்றால் திறக்கலாம் என்று எழுது. கூடாது என்றால் கூடாது என்றே எழுது, நான் அதை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய கேனைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். சோப்பை எடுக்கவில்லை.

ஸ்வெலி சனிக்கிழமை காலை அங்கிருந்து கிளம்புகிறான். பிள்ளையின் பெயரையும், கேனுக்கான பதிலையும் அவன் கையில் கொடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எனக்கு வந்தாக வேண்டும். சீக்கிரம் எழுது.

உன் அக்கா,
சென்சேனி